நாலு விரல் சந்து

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. காலையிலிருந்து பத்துத் தடவையாவது அண்ணாந்து பார்த்திருப்பேன், இப்போது மணி மூன்றரை, இன்னும் இல்லை. ஊட்டியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இந்த நீலத்தைக் கண்டால் ஆகா என்று படம் எடுப்பார்கள், எனக்கு ராத்திரிப் பனிதான் தெரிகிறது. மேகம் இருந்தால் பனி இறங்காது, காற்று அடித்தாலும் இறங்காது, இரண்டும் இல்லாமல் வானம் இப்படித் துடைத்துவிட்டுக் கிடந்தால்தான் விடியும்போது எங்கள் காந்தல் பள்ளம் முழுக்க உப்பைக் கொட்டியது மாதிரி வெளுத்திருக்கும். இருபத்தாறு வருஷமாக நர்சரியில் நாற்றுக்கு மூடாக்குப் போடுகிறவள் நான், எனக்கா தெரியாது. எனக்கா தெரியாது, எனக்கா தெரியாது என்று சொல்லிச் சொல்லித்தான் இந்த நிலைமை. வீட்டுக்குப் பின்னால், மேரக்காய்ப் பந்தலை ஒட்டிச் செங்கல் மேல் நிற்கிற மரக்கூண்டுக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே மூன்று கினிப்பிக். பட்டாணி, கேரட், ராசாத்தி. மூக்கும் முழியும் எலி, உடம்பு முயல், வால் வைக்க மட்டும் ஆண்டவர் மறந்துவிட்டார். எல்லாம் என் அண்ணன் பெண்டாட்டி பிலோமினாவுடையவை. அண்ணி மேட்டுப்பாளையத்தில் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, மாதா கோயிலில் திரிகால மணி அடித்து ஓய்ந்ததும் போன் செய்து, நாலும் எப்படி இருக்கு என்று கேட்கிறாள். நாலும் நல்லாயிருக்கு அண்ணி என்று நானும் சொல்கிறேன். ஏழு நாளாகச் சொல்லிவிட்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இன்றைக்கு எட்டாவது நாள், நான் கெட்டிக்காரியும் இல்லை.

பழைய படுக்கையை வாரி வெளியே போடுகிறேன். காய்ந்த புல், அதற்கடியில் செய்தித்தாள், அதில் யாரோ ஒரு மந்திரி சிரித்த முகமாய் நனைந்திருக்கிறார். மூன்றும் மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்று என்னைப் பார்க்கின்றன. பாருங்கள், நன்றாகப் பாருங்கள், மதரைக் கொன்றவள் இவள்தான். இல்லை, அப்படியெல்லாம் நினைக்காது, இதுகளுக்கு நினைப்பே கேரட் தழை ஒன்றுதான் என்று அண்ணன் சொல்வான். சூசை அண்ணன் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டினான். அங்கே பிள்ளைகள் பார்ப்பதற்கென்று வைத்திருந்த கூண்டை எடுத்தபோது இரண்டைப் பழக்கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்கிறாயே என்று நான் கத்தினேன். "ரெண்டும் பொட்டை, பெருகாது" என்றான். ஒன்றுக்கு உடம்பெல்லாம் கறுப்பு, தலையில் மட்டும் வெள்ளை, மடத்துத் தலைவி மாதிரி நிமிர்ந்து பார்க்கும். மதர் சுப்பீரியர் என்று அண்ணி பெயர் வைத்தாள், கூப்பிட மதர். பெயர் வைத்த மறுவாரமே மதர் இரண்டு குட்டி போட்டது. கன்னியர் மடத்துக்கே கெட்ட பேரு என்று அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவன் போய் இரண்டு வருஷம், ஜூன் மாதத்து மழையில், வேனை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு. அதற்கப்புறம் அண்ணி காலையில் எழுந்ததும் என்னிடம் பேசுவதற்கு முன்னால் இதுகளிடம்தான் பேசினாள். எனக்கு அதில் பொறாமை. ஐம்பத்திரண்டு வயதில் எலியைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பொம்பிளை ஊட்டியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மதருக்கும் அது தெரியும், கையை விட்டால் கடிக்கும், மற்ற மூன்றும் கடிக்காது, அது மட்டும் கடிக்கும். கெழட்டு மூதேவி என்பேன். இந்த இடது ஆள்காட்டி விரலில், இதோ, தழும்பு கூட இருக்கிறது, ஆனால் லேசாகத்தான் இருக்கிறது, கொஞ்ச நாளில் மறைந்துவிடும்.

அன்றைக்கும் வானம் இப்படித்தான் இருந்தது. டிசம்பர் இருபத்தெட்டு. நர்சரியில் முதல் உறைபனிக்கு நாங்கள் பத்துப் பேர் நாற்றுக்கெல்லாம் மூடாக்குப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். மூங்கில் பத்தையை வளைத்து ஊன்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாளை முரசு மாதிரி இழுத்துப் பிடித்து, ஓரமெல்லாம் மண் போட்டு அமுக்கி, அதற்கும் மேல் தாகையை, காட்டோரம் வளருமே அந்தப் பெரணித் தழையை, கனமாகப் பரப்ப வேண்டும். எறும்புக்குக் கூட வழி விடக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். காலையில் போய்த் தாகையை விலக்கிப் பார்த்தால் பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கட்டியிருக்கும். முத்து கட்டியிருந்தால் நாற்று பிழைத்தது, கட்டாவிட்டால் எங்கேயோ காற்று நுழைந்துவிட்டது, தொலைந்தது. இதுதான் எங்கள் கணக்கு, இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவையும் பொய்க்காத கணக்கு. வீட்டுக்கு வந்தேன். கூண்டைப் பார்த்தேன். அண்ணி போகும்போது, "சாக்கை மட்டும் தொங்கவிடு, புல்லை நெறையப் போடு, அது போதும்" என்றுதான் சொல்லியிருந்தாள். சாக்கு என்ன சாக்கு, எனக்கா தெரியாது. பிளாஸ்டிக் தாளை நாலு சுற்றுச் சுற்றினேன், கயிறு போட்டு இறுக்கினேன், ஓரத்தில் செங்கல் வைத்தேன், உள்ளேயும் தாகை மேலேயும் தாகை. முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தேன், அண்ணி வந்து பார்க்கட்டும், வேலை என்றால் என்னவென்று பார்க்கட்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் வெளியே பல்லுக் கிட்டும் குளிர், புல் நுனியெல்லாம் வெள்ளை, நான் ஓடிவந்து தாகையைத் தள்ளிப் பார்த்தால் பிளாஸ்டிக் முழுக்க முத்து. எனக்கு எப்படிச் சந்தோஷமாக இருந்தது தெரியுமா. பிழைத்துவிட்டது என்று வாய்விட்டே சொன்னேன். கயிற்றை அவிழ்க்கிறேன், முத்தெல்லாம் சரம் சரமாக வடிந்து என் முழங்கையில் இறங்குகிறது, நான் சிரித்துக்கொண்டே அவிழ்க்கிறேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. எத்தனை தடவை நினைத்தாலும் அங்கேயே வந்து நிற்கிறேன், முழங்கையில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

அப்புறம் விறைத்துக் கிடந்த மதரைப் பழக்கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன், செத்ததை எடுத்துக்கொண்டு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா, நான் போனேன். அங்கிருந்த கம்பவுண்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேல பிளாஸ்டிக் சுத்துனீங்களாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "குளிர்ல சாகலீங்க. ஈரத்துல செத்திருக்கு, வயசானது, தாங்கல. இதுக விடுற மூச்சு, போற மூத்திரம், எல்லாம் உள்ளயே நின்னுருச்சு. இது செடி இல்லீங்கம்மா, மூச்சு விடும்ல." கிண்டலாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் சுட்டது. தாகையை அண்டவே விடாதீர்கள், தின்றால் விஷம், காய்ந்ததாக எதையாவது கனமாகப் போடுங்கள், மேலே நாலு விரல் அளவுக்குச் சந்து விடுங்கள், கீழே காற்று நுழைய வேண்டாம், உள்ளே வைப்பதென்றால் உள்ளேயே வையுங்கள், வெளியே என்றால் வெளியே, மாற்றி மாற்றித் தூக்காதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். உள்ளே எங்கே வைப்பது. இரண்டே அறை, விறகு அடுப்பு, அந்தப் புகைதானே அண்ணியின் நெஞ்சைக் கெடுத்து மலையை விட்டே இறக்கியது. மதரை என் மப்ளரில் சுற்றி மேரக்காய்க் கொடிக்குக் கீழே புதைத்தேன். மண் இறுகிக் கிடந்தது, கடப்பாரைதான் இறங்கியது. அன்றைக்கு ஆறு மணிக்கு அண்ணி கேட்டபோது, மதர் எப்படி என்று கேட்டபோது, "மதருக்கென்ன, தங்கமா இருக்கா" என்று என் வாய் தானாகச் சொன்னது. ஒரு தடவை சொல்லிவிட்டால் மறுநாள் மாற்றுவது எப்படி. மறுநாளும் தங்கம். அதற்கு மறுநாள் சமத்து. புது வருஷத்தன்று, முட்டைக்கோசு கொடுத்தேன் என் கையிலிருந்தே வாங்கித் தின்றது என்று கூடச் சொன்னேன். சொல்லும்போதே அது தின்கிற மாதிரி எனக்குத் தெரிந்தது, அந்த வாய் அசைகிற வேகம், இரண்டு முன்பல்.

வெயில் நகர்ந்துவிட்டது. மேலே தைல மரங்களின் நிழல் கேரட் பாத்தியில் பாதி வந்தாயிற்று, அடுத்து தண்ணீர்த் தொட்டி, அடுத்து கூண்டு. நாலேகாலுக்கு இங்கே நிழல், அதற்கப்புறம் நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கும். சீக்கிரம், சீக்கிரம். அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டேன், அதன் மேல் செய்தித்தாள் எட்டு மடிப்பு, இனி வைக்கோல். இந்த வைக்கோலுக்கு ஒரு கதை இருக்கிறது. ஊட்டியில் நெல் ஏது, வைக்கோல் ஏது. எங்கள் நர்சரிப் புல்லெல்லாம் பிழிந்தால் தண்ணீர் வரும். முழு ஊரிலும் எலும்பாகக் காய்ந்த வைக்கோல் இருப்பது ஒரே இடத்தில்தான், கோயில் குடிலில். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கென்று கீழேயிருந்து லாரியில் வரவழைத்தது. காலைப் பூசை முடிந்து எல்லாரும் போனபிறகு மணி அடிக்கிற கோயில்பிள்ளை இன்னாசியிடம் போய் நின்றேன். "மூணு ராசாக்கள் திருநாள் முடியட்டும், ஞாயித்துக்கெழம பிரிப்போம், அப்ப மூட்டையாவே எடுத்துக்க" என்றார். ஞாயிறு வரைக்கும் பனி காத்திருக்குமா என்றேன். எதற்கு என்றார், சொன்னேன். "எலிக்கா?" என்றார். எலி இல்லை, பிலோமினாவுடைய கினிப்பிக் என்றேன், அப்புறம் என்ன ஆயிற்றோ, எட்டு நாளாக யாரிடமும் சொல்லாததை அந்தக் கிழவரிடம், மாட்டுக்கும் ஆட்டுக்கும் முன்னால் நின்றுகொண்டு முழுக்கச் சொல்லி அழுதுவிட்டேன். கிழவர் சாமியார் வருகிறாரா என்று வாசலைப் பார்த்தார். "கொழந்தைக்கு அடியில இருக்கறத மட்டும் விட்டுரு. சூசையப்பர் நின்னுக்குவாரு, மாதாவும் ஒண்ணும் சொல்லாது. மாட்டுப் பக்கம் பூரா எடுத்துக்க, பின்பக்கத்துல இருந்து எடு" என்றார். ஆடு மாடுகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், நான் அள்ளினேன். ஒரு சாக்கு நிறைந்தது. மொட்டைத் தரையில் நிற்கிற மாட்டைப் பார்த்து இன்னாசி, "உனக்கும் குளிராது, நீ சிமெண்டு" என்றார். வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு, அழுது முடித்த மூக்கோடு சிரிப்பு.

வைக்கோலை உதறி உதறிப் போடுகிறேன். அமுக்கக் கூடாது, உதிரியாக இருந்தால்தான் உள்ளே புகுந்து குழி பண்ணிக்கொள்ளும், குழிக்குள்தான் சூடு நிற்கும். ராசாத்தி முதலில் வருகிறாள், மோந்து பார்க்கிறாள், தலையை நுழைக்கிறாள், பின்பக்கம் மட்டும் வெளியே ஆடுகிறது, பிறகு அதுவும் இல்லை. வைக்கோல் மேடு மட்டும் அசைகிறது.  அண்ணனுடைய கம்பளிக் காலுறையில் வெந்நீர்ப் பாட்டிலை நுழைத்து மூலையில் வைத்தேன், நேராக மேலே படக்கூடாது, பக்கத்தில். கரி போட்டுக் குமுட்டி அடுப்பைப் பக்கத்தில் வைத்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, உடனே அடித்து விரட்டினேன், மூடின இடத்தில் கரியைப் புகையவிட்டு மனிதர்களே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள், என் புத்தி ஏன் திரும்பத் திரும்ப மூடுவதையே நினைக்கிறது. தண்ணீர்ப் பாட்டிலின் குழாய் நுனி காலையில் உறைந்துவிடும், விடிந்ததும் வெதுவெதுப்பாக மாற்ற வேண்டும். கேரட் தழை ஒரு கை அதிகம், குளிரில் தீனிதான் அடுப்பு. இனி சாக்கு. முன்பக்கம் இரட்டைச் சாக்கைத் தொங்கவிட்டு மேலே சந்து. நாலு விரல். என் விரலா, கம்பவுண்டர் விரலா? அவருக்குத் தடித்த விரல். அவர் நாலு என்றால் எனக்கு ஐந்தா? ஐந்து விரல் வழியாகப் பனி இறங்கினால்? மூன்று விட்டால் முத்து கட்டினால்? தூக்கினேன், இறக்கினேன், தூக்கினேன். ஏழு நாளாக இதே கூத்து, விடியற்காலையில் எழுந்துவந்து டார்ச் அடித்துப் பலகையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன், உலர்ந்திருந்தால் குளிருமே என்று பயம், ஈரம் இருந்தால் செத்துவிடுமே என்று பயம். கையைச் சந்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து லேசான வெதுவெதுப்பு விரலில் பட்டது, மூன்று மூச்சின் வெதுவெதுப்பு. நாலுதான். விட்டுவிடு சலேத்து, நாலுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பயம் இதுகளுக்காக மட்டும் என்று சொன்னால் அது எட்டாவது பொய். உள்ளதைச் சொல்கிறேன். அண்ணி திரும்பி வரமாட்டாளோ என்றுதான் எனக்குப் பயம். டிசம்பர் ஆரம்பத்தில் நெஞ்சு இழுத்து இழுத்து உட்கார்ந்தபடியே விடிய விடிய இருந்தாள், டாக்டர், "கீழ போயிடுங்க, இந்தக் குளிர் உங்களுக்கு ஆகாது" என்றார். மாதக் கணக்கு எதுவும் அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. தங்கை வீட்டில் தனி அறை, மின்விசிறி, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரத் தங்கை மகள். இங்கே என்ன இருக்கிறது? புகை, படிக்கட்டு, நான். இருபத்தெட்டு வருஷமாக உப்பு ஜாஸ்தி, உப்புக் குறைச்சல் என்று சண்டை போடுகிற நாத்தனாருக்காக யார் மலை ஏறுவார்கள். அண்ணன் இருந்தான், அவனுக்காக இருந்தாள். அவன் போனபிறகு இதுகளுக்காக இருந்தாள், அப்படித்தான் நான் நினைத்திருக்கிறேன். கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு நான் திரும்பி வந்து நின்றபோது அண்ணி புதுப்பெண். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, பானைக்குள் கைவிட்டு இன்னொரு ஆழாக்கு அரிசி எடுத்துக் கழுவிப் போட்டாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து நானும் அந்த வீடு. ஆனால் இரு என்று அவளும் சொன்னதில்லை, இருக்கிறேன் என்று நானும் சொன்னதில்லை, அண்ணன் செத்த பிறகு கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. பஸ் ஏறும்போது அவள் ஜன்னல் வழியாகச் சொன்னது, "நாலையும் பாத்துக்க" என்பது மட்டும். நாலில் ஒன்றைத் தொலைத்துவிட்டேன். மதர் இல்லை என்று தெரிந்தால் வருவதற்கு இருக்கிற காரணத்தில் கால் பங்கு போயிற்று. மீதி மூன்றும் இன்றைக்கு ராத்திரி போய்விட்டால் காரணமே இல்லை. சொல்லாமல் இருந்துவிட்டால்? மாசி வந்து பனி விட்டபிறகு வந்து பார்த்துக்கொள்ளட்டும், வந்தபிறகு தெரிந்தால் என்ன, வந்தாயிற்றே. இப்படியும் நினைக்கிறேனே, ஒரு மனுஷியைப் பொய் சொல்லி மலை ஏற்றிக் கொண்டுவர நினைக்கிறேனே. ச்சே. ஆனால் சொன்னால்? சொன்னால் சரி என்பாள், சண்டை கூடப் போடமாட்டாள், சரி என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்துவிடுவாள்.

நிழல் கூண்டின் மேல் ஏறி, என் மேல் ஏறி, வீட்டு ஓட்டுக்கும் போய்விட்டது. கை விரல்கள் மரத்துவிட்டன. எதிர் மேட்டில் யாரோ விறகு பிளக்கிற சத்தம் காற்றே இல்லாததால் பக்கத்தில் கேட்கிறது. காற்றே இல்லை, அதுவும் இல்லை. வைக்கோலுக்குள்ளிருந்து மூன்றும் ஏதோ பேசிக்கொள்கின்றன, குக்குக் குக்குக் என்று அடித்தொண்டையில், தூங்கப் போவதற்கு முன்னால் அப்படித்தான் பேசும். மதர் இருந்தால் நடுவில் ஒரு அதட்டல் வரும். எனக்கு அந்த அதட்டல் வேண்டியிருக்கிறது. கடித்தாலும் பரவாயில்லை என்று தோன்றுகிறது, கடியேன், இந்தா, எல்லா விரலும் இருக்கிறது. கோயில் மணி அடித்தது. எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டேன், மணி மூன்று மூன்றாக அடித்து, கடைசியில் இழுத்து ஒன்பது அடித்தது. ஆண்டவருடைய தூதுவர் மரியாளுக்கு என்று வாய் சொல்கிறது, மனசு கூண்டின் மேல் வைத்த போனையே பார்க்கிறது. அடித்தது.

"காப்பி குடிச்சியா சலேத்து?"

"குடிச்சேன் அண்ணி." இதுவும் பொய்தான், வாளியை விட்டு எழுந்திருக்கவேயில்லை. "நெஞ்சு எப்படி இருக்கு?"

"இங்க என்ன, நல்ல வெயிலு. நேத்து ராத்திரி ஒரு தடவ கூட எந்திரிக்கல. விடிய விடியத் தூங்கிருக்கேன்."

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. தூங்கட்டும். அங்கேயே தூங்கட்டும்.

"வானம் எப்படி?"

"தொடச்சு விட்டிருக்கு."

"அப்ப இன்னிக்குக் கொட்டும்." என்றாள். "நாலும் எப்படி இருக்கு? மதர் என்ன பண்ணுறா?"

தங்கம் என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. என் கை சாக்குக்கு மேலே அந்தச் சந்தில் இருந்தது, விரலில் வெதுவெதுப்பு பட்டுக்கொண்டேயிருந்தது.

"மதர் செத்துப்போச்சு அண்ணி. போன வாரம். மொத பனி விழுந்த அன்னிக்கு. குளிர்ல இல்ல, நான்தான் கொன்னுட்டேன். நாத்துக்கு மூடுற மாதிரி பிளாஸ்டிக் சுத்தி, தாகையெல்லாம் போட்டு, மூச்சு விட எடமே இல்லாம மூடிட்டேன். நீங்க சாக்கு போதும்னு சொன்னீங்க. நான் கேக்கல. காலைல முத்து கட்டியிருக்குன்னு சிரிச்சுக்கிட்டே தொறந்தேன் அண்ணி."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் போட்டது. யாரோ தொலைக்காட்சியில் சிரித்தார்கள். அண்ணி நடந்துபோய் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"தெரியும்" என்றாள்.

"இன்னாசி சொல்லிட்டாரா?"

"இன்னாசிக்கு என் நம்பர் எங்க தெரியும்? நீதான் சொன்ன. ஒரு வாரமாச் சொல்ற. மதர நீ என்னிக்காவது ஒரு நல்ல வார்த்த சொல்லிருக்கியா? மூதேவிம்ப, கெழவிம்ப, கடிச்சுட்டா கடிச்சுட்டான்னு தெனம் ஒரு புகார் சொல்லுவ. திடீர்னு ஒரு நாள் தங்கங்கிற. அப்புறம் சமத்துங்கிற. செத்தவங்களத்தானடி நாம அப்படிப் பேசுவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த வழியிலேயே அழுகையும் வந்தது, இரண்டும் நெரித்துக்கொண்டு ஒரு சத்தம் வந்தது, அது கேட்டு உள்ளே மூன்றும் பேச்சை நிறுத்திவிட்டன.

"ஏன் கேக்கல அண்ணி?"

"நீயாச் சொல்லட்டும்னுதான். அன்னிக்கு ராத்திரி அழுதேன். உன் மேல கோவமும் வந்துச்சு. அப்புறம் அந்தப் பனியில ஒத்தையில நின்னு குழி தோண்டிருப்பியேன்னு நெனச்சேன். எங்க வச்ச?"

"மேரக்காக் கொடிக்கு அடியில. என் மப்ளர்ல சுத்தி."

"ம். நல்ல எடம்." மூக்கை உறிஞ்சினாள். "மத்த மூணும்?"

"நல்லாயிருக்கு. நெசமாவே நல்லாயிருக்கு அண்ணி. காஞ்ச வைக்கோல் போட்டிருக்கேன், வெந்நீர் வச்சிருக்கேன், சாக்கு மட்டுந்தான், மேல நாலு விரல் சந்து விட்டிருக்கேன். எப்படியாவது காப்பாத்திருவேன். நீங்க வர்ற வரைக்கும் மூணையும் நான் காப்பாத்தி வச்சிருவேன்." வாய் நிற்கவில்லை, எனக்கே கேவலமாக இருந்தது, கையைப் பிடித்துக் கெஞ்சுகிற மாதிரி இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. "பனி விட்டதும் வந்துருவீங்கல்ல? அதுகளுக்காகவாவது?"

 மேட்டில் விறகு பிளக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"எலிக்காகவா நான் அந்த வீட்ல கெடந்தேன்னு நெனச்ச?" என்றாள். "மாசியில சாம்பல் புதனுக்கு நம்ம கோயில்லதான் சாம்பல் பூசிக்குவேன், இப்பவே தங்கச்சிகிட்டச் சொல்லிட்டேன். நீ மூணையும் காப்பாத்து. காப்பாத்தலேன்னாலும் வருவேன்."

நான் போனைக் காதோடு அமுக்கிக்கொண்டு வாளி மேல் உட்கார்ந்தேன். 

"சலேத்து, இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி" என்றேன்.